கடையின் பின்பாதி

கடைத்தெருவில் அவளுக்குப் பெயர் கண்ணாடிக்காரம்மா. ஒன்பது வருஷம் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தியவள். வருகிறவரின் மூக்கைப் பார்த்தே எந்த ஃப்ரேம் உட்காரும், எது வழுக்கி வாயில் விழும் என்று சொல்லிவிடுவாள். சில பெரியவர்கள் எழுத்துப் பலகையை மனப்பாடம் செய்துகொண்டு வந்து, பார்வை நன்றாக இருப்பதாகச் சாதிப்பார்கள். அவள் பலகையைக் கழற்றி வேறு பலகையை மாட்டிவிட்டு, "இப்போ சொல்லுங்க பார்ப்போம்" என்பாள். இப்பேர்ப்பட்ட கெட்டிக்காரியின் காதில் ஐந்து வாரம் பூச்சுற்றினார்கள் என்றால் யாருக்கும் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

எல்லாம் பதினான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் ஆரம்பித்தது. கடையின் உள்சுவரில் எழுத்துப் பலகை. அதைப் பார்த்து நின்றால் வாசல் முதுகுப் பக்கம். விளக்கைக் குறைத்துவிட்டு ஒருவருக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் நாலைந்து பேர் பேசிக்கொண்டே உள்ளே வந்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அவளுக்கு மூச்சு முட்டியது, கை மரத்துப்போய் லென்ஸ் கீழே விழுந்தது. செத்துப்போகிறோம் என்றே நினைத்தாள். ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, இதயத்தில் ஒன்றுமில்லை, இது பதற்ற நோய் என்று எழுதிக்கொடுத்தார்கள். மறுவாரம் பஸ்ஸில் ஒருமுறை, அதற்கடுத்து மருந்துக்கடை வரிசையில் ஒருமுறை. போகிற இடமெல்லாம் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தாள். கடைசியில் வீட்டு வாசல் கேட்டுக்கு அப்பால் காலே எடுத்து வைக்க முடியவில்லை.

இணையம் வழியாக இதற்கு வைத்தியம் இருக்கிறது என்று கண்டுபிடித்துக் கொண்டுவந்தவர் அவள் வீட்டுக்காரர்தான். ஒரு அச்சகத்தில் மேற்பார்வை வேலை அவருக்கு. தங்கமான மனிதர் என்று தெருவே சொல்லும். சமையல் தெரியாத மனிதர் மனைவிக்காகச் சமையல் கற்றுக்கொண்டார்; அவள் அழும்போது பக்கத்தில் உட்கார்ந்தார்; அலுத்துக்கொண்டதே இல்லை. "கடையப் பத்திக் கவலைப்படாதே. வேலைக்குப் போற வழியில தெறந்து தூசி தட்டி வச்சுட்டுத்தான் போறேன். நீ வந்து ஒக்காந்தா போதும்" என்பார். கடை வாடகைப் பத்திரம் அவர் பெயரில் இருந்தது. அவள் அதை ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை.

வைத்தியம் இப்படி நடந்தது. புதன்கிழமை காலை பதினோரு மணிக்குக் கணினித் திரையில் டாக்டரம்மா வருவார். அவரைத் தோளுக்குக் கீழே அவள் பார்த்ததே கிடையாது. மற்ற நாட்களில், படத்துக்குள்ளேயே நிற்பது போலச் சுற்றிலும் காட்டும் வி.ஆர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளே அரை மணி நேரம் பழக வேண்டும். முதன்முதலில் அதைக் கையில் வாங்கியதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதப் பண்ணினவன் மூக்குன்னு ஒண்ணப் பார்த்ததே இல்ல போல" என்று பஞ்சை வெட்டி உள்ளே ஒட்டிச் சரிசெய்துகொண்டாள்.

பயங்களைப் பத்துப் படியாக எழுதச் சொன்னார் டாக்டர். கேட்டைத் திறந்துகொண்டு நிற்பது முதல் படி. நாலாவது பஸ் ஸ்டாப். ஆறாவது பஸ்ஸுக்குள் உட்காருவது. பத்தாவது, தன் கடையில், வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒருவருக்குக் கண் பார்ப்பது. ஒவ்வொரு படியையும் முதலில் கண்ணாடிக்குள் பழகி, பிறகு நிஜத்தில் இறங்கிப் பார்க்க வேண்டும். யாருடைய தெருவோ யாருடைய பஸ்ஸோ வேண்டாம், உங்கள் தெருவே இருக்கட்டும் என்று டாக்டர் ஒரு கேமராவைக் கூரியரில் அனுப்பினார். ஆரஞ்சுப் பழம் அளவு இருந்த அந்தக் கேமரா நாலாபக்கமும் ஒரே சமயத்தில் படம் எடுக்கும். வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டு அதைக் கம்பில் செருகிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தார். அவருக்கு டாக்டர் 'துணையாள்' என்று பொறுப்பும் கொடுத்திருந்தார். அவள் பழகிய விவரம், எத்தனை தடவை திரும்பிப் பார்த்தாள் என்பது உட்பட, தினமும் அவர் போனுக்கு வந்துவிடும்.

டாக்டர் ஒன்றே ஒன்றைத்தான் கண்டிப்பாகச் சொன்னார்.

"பின்னால திரும்பிப் பார்க்கக் கூடாது. வாசல் எங்க இருக்கு, யாரு வராங்கன்னு நீங்க தேடுறீங்க பாருங்க, அதுதான் பயத்துக்குத் தீனி போடுது. படத்துலயும் சரி, வெளியிலயும் சரி, முன்னாடி மட்டும் பாருங்க."

அவள் சொன்ன சொல் தட்டவில்லை. கழுத்து தானாகத் திரும்பும். பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்துவாள். மூன்றாவது மாதத்தில் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு நிஜமான பஸ் ஸ்டாப்புக்குப் போய்ப் பத்து நிமிஷம் நின்றுவிட்டு வந்தாள். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, வாயெல்லாம் பல். "அடுத்து கடைதான். பார்த்துக்கிட்டே இரு" என்றார்.

இடையிலுள்ள படிகளைக் கண்ணாடிக்குள் பழகி முடித்த பிறகுதான் கடைக் காட்சி வந்தது. மாட்டிக்கொண்டதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அதே உள்சுவர், அதே எழுத்துப் பலகை, அதன் இரு பக்கமும் வரிசை கலையாத ஃப்ரேம்கள். ஒரு சத்தம் இல்லை. பக்கத்துச் சாவிக்கடையில் அரத்தால் ராவுகிற சத்தம்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை எடுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். நான்கு நிமிஷப் படம். முடிந்தால் மறுபடி முதலிலிருந்து ஓடும். ஐந்து வாரம், தினமும், வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தன் கடையில் நின்றாள். முதல் நாள் நூறுக்குத் தொண்ணூறு என்று சொன்ன பயம் ஐந்தாவது வாரம் பத்துக்கு இறங்கிவிட்டது.

ஒரு சனிக்கிழமை. வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். படத்தில் நின்றுகொண்டிருந்தவளுக்குத் திடீரென்று தன் நாற்காலியைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. கண் பார்க்க வருகிறவர்கள் உட்காரும் நாற்காலி. மிதித்தால் உயரும், இறங்கும். அவள் நிற்கும் இடத்துக்கு ஓரடி பின்னால் வலப்பக்கம் இருக்கும். பயந்து அல்ல, ஆசைப்பட்டுத்தான் திரும்பினாள். பதினான்கு மாதத்தில் பயமில்லாமல் அவள் திரும்பியது அதுதான் முதல் தடவை.

நாற்காலி இல்லை. தரையெல்லாம் பழைய பேப்பர். அதன்மேல் பெயின்ட் டப்பாக்களும் ஓர் ஏணியும். பக்கத்துச் சுவர் அலமாரிகளைப் பிரித்துப் பலகை பலகையாக அடுக்கி வைத்திருந்தார்கள். ஆள் உயரக் கண்ணாடிகள் இரண்டு அட்டை பிரிக்காமல் சாய்ந்து நின்றன. பாலிதீன் சுற்றிய புது நாற்காலி ஒன்று. தலையைப் பின்னால் சாய்த்துக் கழுவ வசதியாகப் பள்ளம் வைத்தது. அவளுடைய படிப்புச் சான்றிதழ், சட்டத்தோடு, தரையில் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. வாசலை ஒட்டி நாத்தனார் நின்றுகொண்டு சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். அவள் பக்கத்தில் வீட்டுக்காரர். ஒரு கையில் அளவு நாடா. இன்னொரு கையின் விரலை உதட்டில் வைத்து, சத்தம் போடாதே என்று தங்கைக்குச் சாடை காட்டிக்கொண்டிருந்தார்.

ஆக, முன்பாதியில் கடை இருந்தது, பின்பாதியில் இல்லை. இருந்த ஒரு சுவரை மட்டும் பழையபடி ஜோடித்து வைத்துவிட்டுப் படம் எடுத்திருக்கிறார். அவள் திரும்ப மாட்டாள் என்று அவருக்குத் தெரியும். திரும்பக் கூடாது என்பது வைத்தியம். ஐந்து வாரம் அவள் தன்னந்தனியாகப் பயத்தோடு மல்லுக்கு நின்றபோதெல்லாம், இந்த மனிதர் அவள் முதுகுக்குப் பின்னால் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். இதுவரை 'அவர்' என்று மரியாதை கொடுத்தது போதும். இனி அவன் என்றே சொல்கிறேன்.

நம்ப முடியாமல் அவள் முன்னால் திரும்பினாள், பின்னால் திரும்பினாள். பதினோரு தடவை.

அந்தப் பதினொன்றும் அவன் போனுக்குப் போய்விட்டது. சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டான்.

"என்ன, இன்னிக்கு ரொம்பத் திரும்பித் திரும்பிப் பார்த்தியாமே? பழையபடி ஆரம்பிச்சிருச்சா?"

"என் நாற்காலி எங்க?"

"எந்த நாற்காலி?"

"கடை நாற்காலி. படத்துல காணோம்."

கண் இமைக்கும் நேரம்தான் தடுமாறினான்.

"அதுவா? வெள்ளையடிக்க ஒதுக்கி வச்சிருந்தோம். நீ வரும்போது புதுசா இருக்கட்டும்னு சொல்லாம வச்சிருந்தேன். அதையும் நோண்டிப் பார்த்துட்டே."

"உங்க தங்கச்சி?"

"சாமான் எடுத்து வைக்க ஒரு ஆள் வேணாமா?"

"வாயில வெரல வச்சிருந்தீங்க."

"படத்துல சத்தம் கேட்டா உனக்குப் படபடப்பு வருமேன்னுதான். உனக்காகப் பார்த்துப் பார்த்துச் செஞ்சா, அதுலயும் சந்தேகமா?"

குரல் உடைந்துபோய்க் கேட்டான். அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது. நமக்குத்தான் புத்தி கெட்டுவிட்டது, நோய் இப்படித்தான் இல்லாததை எல்லாம் காட்டும் என்று டாக்டரே சொல்லியிருக்கிறாரே என்று நினைத்தாள். மன்னிப்புக்கூடக் கேட்டாள். பிறகு சமாதானமாக, "சரி, நாளைக்குக் கடையிலேருந்து வீடியோ கால் போட்டு ஒருதடவ காட்டுங்க. வெள்ளையடிச்சத நானும் பார்க்கறேன்" என்றாள்.

"அங்க எங்க சிக்னல் கெடைக்குது?" என்று சொல்லிக்கொண்டே கை கழுவப் போனான்.

ஒன்பது வருஷம் அதே கடையில் உட்கார்ந்துகொண்டு, கூட்டம் இல்லாத நேரத்தில் அவள் போனில் சீரியல் பார்த்திருக்கிறாள். ஒரு நாள்கூட நின்று நின்று ஓடியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கண்ணாடியை மாட்டினால் கடைக் காட்சி இல்லை. புதன்கிழமை டாக்டர் வழக்கத்தைவிட மெதுவாகப் பேசினார்.

"உங்க வீட்டுக்காரர் போன் பண்ணினாரு. ரொம்பக் கவலைப்படறாரு. திரும்பிப் பார்க்கறது ரொம்ப அதிகமாயிடுச்சாமே. நாம கொஞ்சம் அவசரப்பட்டுட்டோம்னு நினைக்கிறேன். மறுபடி நாலாவது படியிலேருந்து ஆரம்பிப்போம்."

"டாக்டர், அந்தப் படத்துல என் கடையே இல்ல. பாதிதான் இருந்துது. நீங்களே போட்டுப் பாருங்க."

டாக்டர் எதையோ தட்டிப் பார்த்தார்.

"படத்தை ஏத்தினவங்களே எடுத்துட்டாங்க. இப்போ என்கிட்டயும் இல்ல."

"அப்போ நான் பார்த்தது?"

"நீங்க சொல்றத நம்பலைன்னு இல்லம்மா. ஆனா பயம் வந்தா மனசு எல்லாத்தையும் சந்தேகப்படும். அது உங்களுக்கே தெரியும். வீட்டுக்காரர்கிட்டயே நிதானமா உட்கார்ந்து பேசிப் பாருங்களேன்."

கெட்டவர் அல்ல அந்த டாக்டர். மனசாரத்தான் சொன்னார். ஆனால் அவள் நிஜமாகப் பார்த்தது நோய்க் கணக்கில் போய்விட்டது. வைத்தியம் முழுக்க அவன் பக்கம் சாய்ந்து நின்றது. இனி யாரிடம் போய்ச் சொல்வது? திரையை மூடினாள். புடவை மாற்றினாள். கேட்டைத் திறந்தாள்.

பஸ் ஸ்டாப் வரை கால் பழகியிருந்தது. பஸ்ஸில் ஏறும்போதுதான் உடம்பு பதறியது. படத்து பஸ்ஸில் யாரும் இடிக்க மாட்டார்கள், காலை மிதித்துவிட்டு முறைக்க மாட்டார்கள். இரண்டு இடத்தில் இறங்கிவிடலாம் என்று எழுந்தே நின்றாள். "ஏம்மா, எறங்குறியா இல்லையா?" என்று நடத்துனர் கத்தினார். "இல்ல" என்று உட்கார்ந்தாள். பயம் இல்லாமல் இல்லை. பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான்.

கடைத்தெருவில் சாவிக்கடைக்காரர் அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் தலையைக் குனிந்துகொண்டு ராவ ஆரம்பித்தார். அவள் பெயர்ப்பலகை இருந்த இடத்தில் ரோஸ் நிறப் பலகை, அழகு நிலையம். கதவைத் தள்ளினாள். நாலு பக்கமும் கண்ணாடி. நாலு பக்கமும் அவளே நின்றாள். நாத்தனார் ஒரு பெண்ணுக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தாள்.

"அண்ணி! நீங்க எப்படி வந்தீங்க?"

"பஸ்ல."

"தனியாவா?" நாத்தனார் நூலைப் போட்டுவிட்டு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சந்தோஷத்தில் கள்ளம் இல்லை. "நானே வந்து உங்க கால்ல விழணும்னு இருந்தேன் அண்ணி. யாருக்கு மனசு வரும் இப்படித் தூக்கிக் குடுக்க?"

"நான் குடுத்தேனா?"

"நீங்க சொல்லித்தானே அண்ணன் குடுத்தாரு? 'உங்க அண்ணி இனிமே கடைக்கு வரப்போறதில்லன்னு அவளே சொல்லிட்டா, நீயாவது நடத்து'ன்னாரு. நன்றி சொல்ல வரேன்னதுக்கு, அந்தப் பேச்ச எடுத்தாலே அவளுக்கு மூச்சு முட்டுது, வீட்டுப் பக்கமே வராதேன்னுட்டாரு."

"படம் எடுத்தப்போ நீ சிரிச்சிட்டு இருந்தியே."

"டாக்டருக்கு அந்தச் சுவரு மட்டும் வேணுமாம், மூச்சு விடாம நில்லுன்னாரு. சும்மா நிக்கச் சொன்னா எனக்குச் சிரிப்பு வந்துரும் அண்ணி, உங்களுக்குத் தெரியாதா?"

"எப்போ குடுத்தாரு?"

"ரெண்டு மாசம் இருக்கும். நீங்க அவரோட பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தீங்கன்னு சொன்னாரே, அதுக்கு மறுநாள்."

அவள் அந்தப் புது நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் நாத்தனாருக்கு விஷயம் மெல்லப் புரிந்தது. "அப்போ உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டவள், உடனே அண்ணனுக்குப் போன் போட்டாள். சிக்னல் நன்றாகவே கிடைத்தது.

அவன் அரக்கப்பரக்க வந்து சேர்ந்தான். அரைப் புருவம் திருத்திய பெண் மெதுவாக எழுந்து வெளியே போய் நின்றுகொண்டாள்.

"ஏன் இப்படித் தனியா வந்தே? ஏதாவது ஆச்சுன்னா?"

"என் சாமான் எல்லாம் எங்க?"

"பத்திரமாத்தான் இருக்கு. நம்ம வீட்டுப் பரண்ல."

"நாற்காலி?"

அவன் பார்வை அவள் உட்கார்ந்திருந்த புது நாற்காலியில் விழுந்து நகர்ந்தது. விற்றுவிட்டான் என்று தெரிந்தது.

"ஏன்?" என்றாள்.

"ஏமாத்தணும்னு செய்யல. சும்மாப் பூட்டிக் கெடந்த கடை. இவளுக்கும் ஒரு வழி பொறந்த மாதிரி இருக்கும்னு..." தங்கையைக் கை காட்டினான். தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நீயும் தெனம் அதை மாட்டிக்கிட்டு, கடைக்குப் போயிட்டு வந்த மாதிரி சந்தோஷமாத்தானே இருந்தே? உனக்கு அது போதும்னு நெனச்சேன்."

உனக்கு அது போதும். பதினான்கு மாதம் தலை கோதியவன், கஞ்சி வைத்துக் கொடுத்தவன், ஒவ்வொரு படிக்கும் கைதட்டியவன் சொல்கிறான். கடையைக் கொடுத்ததைக்கூட அவள் ஒருநாள் மறந்திருப்பாள். அவன் கைதட்டியதெல்லாம் நடிப்பா, அல்லது அதையும் மனசாரத்தான் தட்டினானா என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"நான் எதுவரைக்கும் வருவேன்னு நெனச்சீங்க?"

"இப்போ எதுக்கு அதெல்லாம்?"

"சொல்லுங்க. பத்துப் படியில எந்தப் படி வரைக்கும்?"

அவன் தரையைப் பார்த்தான். பொய் சொல்லியே பழகிய வாய்க்கு அன்றைக்கு ஏனோ பொய் கிடைக்கவில்லை.

"பஸ் ஸ்டாப்" என்றான்.

அவள் எழுந்து வெளியே நடந்தாள். நாத்தனார், "அண்ணி, நான் காலி பண்ணிடறேன் அண்ணி, சத்தியமா எனக்குத் தெரியாது" என்று பின்னால் அழுவது கேட்டது. அவனும் வண்டியை உருட்டிக்கொண்டே கூட வந்தான். வண்டியில் ஏறு, வெயிலாக இருக்கிறது, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம், தெருவில் எல்லாரும் பார்க்கிறார்கள் என்று என்னென்னவோ சொன்னான். அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். ஸ்டாப்பில் ஒரு பஸ் வந்து நின்றது. அது வீட்டுப் பக்கம் போகிற பஸ் இல்லை. எந்தப் பக்கம் போகிறது என்று அவள் பார்க்கவும் இல்லை, ஏறிவிட்டாள்.

அவன் வண்டியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான். அவனால் பஸ் ஸ்டாப் வரைக்கும்தான் வர முடிந்தது.